மீனும் கரிமமும் ஒரே கடலில்: ஹைடா குவாய் இரும்புத் தூவல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2012ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹைடா குவாய் தீவுக்கூட்டத்திற்கு மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில், வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு மீன்பிடிக் கப்பல் ஏறத்தாழ 100 டன் இரும்பு சல்பேட்டைக் கடல்நீரில் கலந்துவிட்டது. சில வாரங்களில் அந்தப் பகுதியில் பச்சை படர்ந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 10,000 சதுர கிலோமீட்டர் வரை, நீரோட்டத்தோடு மிதந்து வாழும் நுண்ணிய மிதவை உயிரிகள் (பிளாங்டன்) பெருகியிருந்ததாகப் பேசப்பட்டது. செய்தி வெளியுலகுக்கு எட்டியது மூன்று மாதங்கள் கழித்து, அக்டோபர் நடுவில்தான். அந்த வாரத்தில், உயிரினங்களின் பன்மையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான உயிர்ப் பன்மய உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் ஹைதராபாத்தில் கூடியிருந்தன. இதுபோன்ற செயல்களுக்குத் தடை கோரிய அதே உடன்படிக்கையின் மேசைக்கே இந்தச் செய்தி வந்து சேர்ந்தது.

அன்று எழுந்த கண்டனங்களில் பெரும்பாலானவை, ஒரு தனியார் நிறுவனம் யாருக்கும் தெரியாமல் கடலில் வேதிப்பொருளைக் கொட்டிவிட்டது என்ற ஒற்றை வரியில் அடங்கின. ஆனால் நிகழ்ந்தது அவ்வளவு எளியதல்ல. சால்மன் மீனைப் பெருக்கவும் காற்றின் கரிமத்தை (கார்பனை) ஆழ்கடலில் சேர்க்கவும் என்று வகுக்கப்பட்ட இந்தத் திட்டத்தை நடத்திய ஹைடா சால்மன் மீட்டெடுப்பு நிறுவனம், ஓல்ட் மாசெட் என்னும் சிறிய பழங்குடிக் கிராமத்தின் பணத்தில் இயங்கியது. கிராமத்தார் வாக்களித்தார்கள், கிராமத்தின் பெயரில் சுமார் 25 லட்சம் டாலர் கடன் எடுக்கப்பட்டது. மக்கள் பங்கேற்பு என்று, காற்றிலிருந்து கார்பனை அகற்றும் திட்டங்களின் அறிக்கைகளில் இன்று எழுதப்படுகிறவற்றில் பல, அதாவது உள்ளூர் உரிமை, உள்ளூர் முதலீடு, வாக்கெடுப்பு ஆகியவை, இந்தத் திட்டத்தில் ஏதோ ஒரு வடிவில் இருந்தன. இத்தனையும் இருந்தும் எது இல்லாமல் போயிற்று என்பதே இந்த ஆய்வின் கேள்வி. ஊராரை மதிப்பது ஒரு பணி, கடலுக்குப் பொறுப்பேற்பது இன்னொரு பணி என்று பிரித்துக்கொண்டதில்தான் கோளாறு தொடங்கியது என்பது என் முடிவு.

தீவும் அதன் மக்களும்

ஹைடா மக்களுக்குச் சால்மன் உணவு மட்டுமன்று. ஆற்றுக்குத் திரும்பும் மீன் கரடிக்கும் கழுகுக்கும், கரையோரக் காட்டின் மண்ணுக்கும் சத்தாகிறது; அந்தக் காட்டின் செந்நிறத் தேவதாரு மரத்திலிருந்தே அவர்களுடைய படகுகளும் குலக்கம்பங்களும் செதுக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் பெரியம்மை அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது. எஞ்சியவர்கள் இரண்டு மூன்று ஊர்களில் ஒடுங்கினார்கள். ஓல்ட் மாசெட் அவற்றில் ஒன்று.

இவர்கள் ஒப்புதலின் மதிப்பை அறியாத மக்களும் அல்லர். 1985இல் லைல் தீவில் மரம் வெட்டும் நிறுவனங்களின் வண்டிகளை மூத்தோர் சாலையில் அமர்ந்து மறித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1993இல் குவாய் ஹானாஸ் பகுதியைக் கனடா அரசும் ஹைடா மக்களும் சேர்ந்து நிர்வகிக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 2004இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், பழங்குடி மக்களின் உரிமை நீதிமன்றத்தில் நிறுவப்படுவதற்கு முன்பே கூட, அதைப் பாதிக்கக்கூடிய முடிவுகளை எடுக்கும் அரசு அவர்களைக் கலந்தாலோசிக்கக் கடமைப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் ஹைடா மக்களே. கலந்தாலோசிக்கும் கடமை என்ற சட்டக் கோட்பாட்டை ஒரு நாட்டுக்கே பெற்றுத்தந்த மக்களிடையே, எட்டு ஆண்டுகள் கழித்து, கலந்தாலோசனையின் போதாமை ஒரு சிக்கலாக வெடித்தது என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது.

கடலுக்கு ஏன் இரும்பு

பெருங்கடலின் சில பகுதிகளில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டிய அளவு இருந்தும் தாவர மிதவை உயிரிகள் செழிப்பதில்லை. காரணம் இரும்புப் பற்றாக்குறை என்ற கருத்தை அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1980களின் இறுதியில் வலுவாக முன்வைத்தார். அவர் இறந்த 1993இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகில் முதல் கடற்சோதனை நடந்தது; அதன்பின் பதினைந்து ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட ஆய்வுப் பயணங்கள் தென்பெருங்கடலிலும் வடபசிபிக்கிலும் இரும்பை இட்டுப் பார்த்தன. இரும்பு இட்டால் மிதவை உயிரிகள் பெருகும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. வளரும்போது அவை கடல்நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடை உள்வாங்குகின்றன. ஆனால் பெருகிய உயிர்ப்பொருளில் எவ்வளவு ஆழ்கடலுக்கு இறங்குகிறது என்பதில்தான் விடைகள் வேறுபட்டன. மேற்பரப்பில் பச்சை தெரிவது அறுவடைக்கு முந்தைய பயிரைப் போன்றது. நூற்றாண்டுக் கணக்கில் காற்றுக்குத் திரும்பாத ஆழத்துக்குக் கரிமம் இறங்கினால் மட்டுமே அது அகற்றலாகும்.

ஹைடா திட்டம் நடந்த அதே அலாஸ்கா வளைகுடாவில் 2002இல் கனடிய அறிவியலாளர்கள் பங்கேற்ற ஒரு சோதனை நடந்திருந்தது. அதில் டயட்டம் என்னும் சிலிக்கா ஓடுடைய உயிரிகள் நன்றாகப் பெருகின. ஆனால் உருவான கரிமத்தில் சிறு பங்கே ஆழத்துக்குச் சென்றது. 2004இல் தென்பெருங்கடலில் நடந்த ஒரு சோதனையில், பெருகியவற்றில் குறைந்தது பாதி 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கியது என்ற முடிவு, ஹைடா கப்பல் கடலில் இருந்த அதே 2012 ஜூலையில் வெளியானது. இந்த இரண்டுக்கும் நடுவே, 2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்திய லோஹாஃபெக்ஸ் பயணம் மிகத் தெளிவான ஓர் எச்சரிக்கையைத் தந்திருந்தது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் இணைந்து செய்த அந்தச் சோதனையில் டயட்டங்கள் வளரவில்லை, ஏனெனில் அந்த நீரில் சிலிக்கா குறைவாக இருந்தது. வளர்ந்த சிறு உயிரிகளை விலங்கு மிதவை உயிரிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்கு இறங்கிய கரிமம் மிகச் சொற்பம். லோஹாஃபெக்ஸ் கூட எதிர்ப்பின்றி நடக்கவில்லை. கப்பல் கடலில் இருக்கும்போதே ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை நிறுத்தக் கோரியது. தனி மதிப்பீடுகளுக்குப் பிறகே 2009 ஜனவரி இறுதியில் அனுமதி கிடைத்தது.

இரண்டு வாக்குறுதிகள்

இந்த அறிவியல் பின்னணியோடுதான் கிராமத்தாரிடம் வைக்கப்பட்ட திட்டத்தைப் பார்க்க வேண்டும். அதற்குத் தூண்டுகோலாக ஓர் உண்மை நிகழ்வு இருந்தது. 2009இல் ஃப்ரேசர் ஆற்றுக்குத் திரும்பிய செந்நிறச் சால்மன் பதினைந்து லட்சத்துக்கும் கீழே சரிந்து, மீனவச் சமூகங்களை நிலைகுலையச் செய்தது. அடுத்த ஆண்டே, நூறு ஆண்டுகளில் காணாத அளவில், ஏறத்தாழ மூன்று கோடி மீன்கள் திரும்பின. 2008 ஆகஸ்டில் அலூஷியன் தீவுகளில் கசடோச்சி எரிமலை வெடித்துச் சிதறியதில், அதன் இரும்பு கலந்த சாம்பல் வளைகுடாவில் விழுந்து மிதவை உயிரிகளைப் பெருக்கியது அளக்கப்பட்ட செய்தி. அந்தப் பெருக்கமே இளம் சால்மன்களுக்கு இரையாகி 2010ஆம் ஆண்டின் வரவுக்குக் காரணமாயிற்று என்பது சில அறிவியலாளர்கள் முன்வைத்த கருதுகோள். அது இன்றுவரை நிறுவப்பட்ட உண்மையாகவில்லை. எரிமலை செய்ததை நாம் ஏன் செய்யக் கூடாது என்ற கேள்வி, மீனை இழந்து தவித்த ஓர் ஊரில் எவ்வளவு வலிமையாக ஒலித்திருக்கும் என்பதை எளிதில் உணர முடிகிறது. அந்த ஏக்கத்தைக் குறைத்து மதிப்பிடும் எந்த விமர்சனமும் நேர்மையானதாகாது.

முதல் வாக்குறுதி மீன். இரண்டாவது, பணம்: ஆழத்துக்கு இறங்கும் கரிமத்தைக் கார்பன் வரவுகளாக, அதாவது அகற்றிய கரிமத்துக்குப் பிறர் விலை கொடுத்து வாங்கும் சான்றுகளாக, விற்று, கிராமம் வாங்கிய கடனை அடைக்கலாம். இதை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கத் தொழில்முனைவர் ரஸ் ஜார்ஜ். அவர் முன்னர் தலைமை ஏற்றிருந்த பிளாங்டோஸ் நிறுவனம் 2007இல் கலாபகஸ் அருகே இரும்பு இடத் திட்டமிட்டுப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்துப் பின்வாங்கியிருந்தது.

இந்த இரண்டு வாக்குறுதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெரிவதே இந்த நிகழ்வின் மையம் என்று கருதுகிறேன். மிதவை உயிரியை விலங்கு மிதவை உயிரி தின்று, அதை இளஞ்சால்மன் தின்றால், அந்தக் கரிமத்தில் பெரும்பகுதி உண்டவற்றின் மூச்சு வழியாகவே மேற்பரப்பு நீரிலும் காற்றிலும் திரும்பக் கலந்துவிடுகிறது. ஆழத்துக்கு இறங்க வேண்டுமானால் அது பெருமளவு தின்னப்படாமல் திரண்டு மூழ்க வேண்டும். கழிவுருண்டைகளாக ஒரு பங்கு இறங்குவது உண்மைதான். ஆனாலும் மீனுக்குப் போன கரிமத்தை வரவுக் கணக்கிலும் எழுத முடியாது. ஊராரின் மனத்தை வென்றது மீன். ஊராரின் கடனை அடைக்க வேண்டியது மூழ்கும் கரிமம். ஒன்று முழுமையாக வெற்றி பெற்றால் மற்றது தேய்கிறது. லோஹாஃபெக்ஸ் இதைத்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தது.

எதற்கு ஒப்புக்கொண்டார்கள்?

செய்தி வெளிவந்தபோது, ஹைடா மக்கள் அனைவருக்குமான ஆட்சி அமைப்பான ஹைடா தேசிய மன்றத்தின் தலைவராக இருந்த கூஜாவ், சால்மனைப் பெருக்கும் திட்டம் என்று சொல்லப்பட்டதற்கே கிராமத்தார் வாக்களித்தார்கள் என்றும், தீய விளைவுகள் நேரலாம் என்றோ பன்னாட்டு உடன்படிக்கைக்கு மாறானது என்றோ சொல்லப்பட்டிருந்தால் இசைந்திருக்க மாட்டார்கள் என்றும் கூறினார். கிராம நிர்வாகத்தின் சார்பில் பேசியவர்கள் திட்டத்தை நியாயப்படுத்தினார்கள். தங்கள் மக்கள் தங்கள் கடலுக்காகத் தாங்களே எடுத்த முடிவு இது என்பது அவர்களுடைய நிலை. இரு தரப்பும் ஒரே மக்களிடமிருந்து வந்தன. ஆகவே, சமூகம் ஒப்புக்கொண்டதா என்று கேட்பதற்கு முன்பாக, எந்தச் சமூகம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆயிரம் பேருக்கும் குறைவான ஓர் ஊரின் வாக்கு, ஹைடா மக்கள் அனைவருடைய வாக்கும் ஆகாது. அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்றும் உண்டு. அலாஸ்கா வளைகுடாவில் மேயும் சால்மன்கள் ஒரே ஆற்றுக்குச் சொந்தமானவை அல்ல. அலாஸ்காவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வாஷிங்டனிலும் உள்ள ஆறுகளில் பிறந்தவை அங்கே கலந்து திரிகின்றன. அவற்றை நம்பி வாழும் பல பழங்குடி மக்களும் மீனவர்களும் அந்த வாக்கெடுப்பின் எல்லைக்கு வெளியே இருந்தார்கள். நிலத்தில் ஒரு திட்டத்தின் எல்லையை வேலி காட்டும். கடலில், நீரோட்டமும் மீனின் பயணமும் எங்கே போகின்றனவோ அதுவே எல்லை. அந்த எல்லையைச் சூழலியல் ஆய்வு சொன்னால்தான் யாரிடம் கேட்க வேண்டும் என்பதே தெரியவரும். ஆய்வு முதலில், அழைப்பு பிறகு என்ற இந்த வரிசை தலைகீழானால், அருகில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எல்லாரிடமும் கேட்டதாக எண்ணிக்கொள்ளும் பிழை நேர்கிறது.

கடன் இன்னொரு கேட்டைச் செய்தது. திட்டம் தோற்றால் இழப்பு கிராமத்தின் தலையில் விடியும் என்ற நிலையில், கிராமமே திட்டத்தின் வெற்றியை வேண்டி நிற்கும் தரப்பாகிவிட்டது. ஐயம் எழுப்ப வேண்டியவர்கள் ஐயப்பட முடியாத இடத்தில் நிறுத்தப்பட்டார்கள். உள்ளூர் முதலீட்டை அதிகாரமளித்தல் என்று பாராட்டும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. வருவாயில் பங்கு கொடுப்பது வேறு, இடரை ஏற்றிவைப்பது வேறு. பெரும் நிறுவனங்களே தயங்கும் ஓர் ஆய்வுநிலைத் தொழில்நுட்பத்தின் இடரை, மாற்று வருவாய் அதிகம் இல்லாத ஓர் ஊர் சுமந்ததை எந்தப் பெயரிட்டும் நியாயப்படுத்த முடியாது. கடலில் இரும்பு இட்டதற்கான கார்பன் வரவைச் சான்றளிக்கும் பொதுவாக ஏற்கப்பட்ட முறையியல் எதுவும் அன்று இருக்கவில்லை. அதாவது, கடனை அடைக்கும் என்று சொல்லப்பட்ட பொருளுக்குச் சந்தையே உறுதிப்படவில்லை.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயிர்ப் பன்மய உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2008இல், சிறிய அளவிலான கரையோர அறிவியல் ஆய்வு தவிர மற்ற இரும்பு இடுதலைத் தவிர்க்கக் கேட்டுக்கொண்டன. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கையின் நாடுகளும் அதே ஆண்டு, முறையான அறிவியல் ஆய்வல்லாதவற்றை அனுமதிக்கக் கூடாது எனத் தீர்மானித்து, 2010இல் ஒரு மதிப்பீட்டுச் சட்டகத்தையும் வகுத்தன. தாங்கள் செய்தது கழிவு கொட்டுவதல்ல, கடலைச் செழிப்பாக்குவது என்பது நிறுவனத்தின் வாதம். 2013 மார்ச்சில் கனடாவின் சுற்றுச்சூழல் துறை நிறுவனத்தின் அலுவலகத்தைச் சோதனையிட்டது. அதே ஆண்டில் ஜார்ஜ் நிறுவனத்திலிருந்து விலக்கப்பட்டார்.

அளக்கப்பட்டதும் அளக்கப்படாததும்

திட்டத்தினர் எதையும் அளக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. அவர்கள் மிதவைகளையும் தானியங்கிக் கருவிகளையும் கடலில் விட்டார்கள். நீர் மாதிரிகள் எடுத்தார்கள். ஆனால் அளவீட்டின் அடிப்படை நிபந்தனைகள் பல அங்கே இல்லை. கருவிகள் தாங்கிய 20 மிதவைகளை வழங்கிய அமெரிக்கத் தேசியப் பெருங்கடல்-வளிமண்டல நிர்வாகம், கடலில் பொருள் கலக்கப்போவது தனக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று பின்னர் கூறியது. துணைநின்ற அறிவியல் நிறுவனத்துக்கே சொல்லப்படாத ஒன்று, கரையோர ஊர்களுக்கு எப்படிச் சொல்லப்பட்டிருக்கும்? முன்கூட்டியே வெளியிடப்பட்ட ஆய்வு நெறிமுறையோ, திட்டத்தில் ஆதாயம் இல்லாதவர்களின் மேற்பார்வையோ இல்லாமல் திரட்டப்பட்ட தரவுகள், எவ்வளவு மிகுதியாக இருந்தாலும், ஐயத்தைத் தீர்க்கும் வலிமையை இழந்துவிடுகின்றன.

அடிப்படை நிலை என்று ஆய்வாளர்கள் சொல்வதும் இங்கே முக்கியம். கடல் ஆண்டுக்கு ஆண்டு தானாகவே மாறுகிறது. இரும்பு இடாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒப்பீடு இல்லாவிட்டால், எந்த மாற்றத்தையும் நன்மை என்றோ தீமை என்றோ திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. 2013இல் ஃப்ரேசர் ஆற்றில் இளஞ்சிவப்புச் சால்மன் மிகுதியாக வந்தபோது, அதைத் திட்டத்தின் வெற்றியாகக் காட்டியவர்கள் இருந்தார்கள். அந்த இணைப்பை உறுதிப்படுத்தவும் இயலாது, மறுக்கவும் இயலாது என்பதுதான் அளவீட்டுத் திட்டமின்மையின் விலை. மீன் உண்மையிலேயே பெருகியிருந்தாலும் கூட, அதைத் தங்கள் முயற்சியின் பயன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை ஓல்ட் மாசெட் மக்கள் இதனால் இழந்தார்கள்.

2014இல் வெளிவந்த சுயேச்சையான ஆய்வு ஒன்று, செயற்கைக்கோள் தரவுகளையும் வணிகக் கப்பல்கள் இழுத்துச்செல்லும் மிதவை உயிரிச் சேகரிப்பிகளின் பல்லாண்டுப் பதிவுகளையும் ஒப்பிட்டது. 2012இன் கோடை இறுதியில் பச்சையம் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தது உறுதியாயிற்று. கூடவே, விலங்கு மிதவை உயிரிகள் மிகுந்தும் பெரிய தாவர மிதவை உயிரிகள் குறைந்தும் காணப்பட்டன. மேய்ச்சல் கடுமையாக இருந்தது என்பதற்கு அது பொருந்திவந்தது. மீனுக்கு இது நல்ல செய்தியாக இருக்கலாம். கடனுக்கு அல்ல.

தீய விளைவுகளைப் பொறுத்தவரை, பேரழிவு ஏதும் பதிவாகவில்லை. ஆனால் முன்பே அறியப்பட்டிருந்த இடர்கள் சில உண்டு. இதே வடபசிபிக் நீரில் இரும்பு சேர்த்தபோது, டொமோயிக் அமிலம் என்னும் நரம்பு நஞ்சைச் சுரக்கும் டயட்டம் இனம் பெருகியதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியிருந்தது. ஓரிடத்தில் நைட்ரேட் உறிஞ்சப்பட்டால் நீரோட்டத்தின் வழியில் அடுத்துள்ள பகுதி வறியதாகலாம். மூழ்கும் பொருள் அழுகும்போது நடுஆழத்தில் ஆக்சிஜன் குறையலாம். இவற்றில் ஒன்றும் நிகழாமல் போயிருக்கலாம். நிகழ்ந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா என்ற கேள்விதான் பொறுப்பின் அளவுகோல். ஹைடா திட்டத்தில் அதற்கு உறுதியான விடை கிடையாது.

எதிர்த்திசையில் ஒரு நிகழ்வு: செயின்ட் ஐவ்ஸ் விரிகுடா

ஹைடா குவாயில் ஊர் ஒப்புக்கொண்டது, அறிவியல் மேற்பார்வை இல்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலில் இதற்கு நேர்மாறானது நடந்தது. பிளானட்டரி என்னும் கனடிய நிறுவனம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடைக் கழிவுநீர்க் குழாய் வழியே கடலில் சேர்த்து, நீரின் காரத்தன்மையை உயர்த்தி, அது காற்றிலிருந்து கூடுதல் கார்பன் டை ஆக்சைடை ஈர்க்கச் செய்யும் முறையைச் சோதிக்க விரும்பியது. 2022 செப்டம்பரில் ஹேல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியே ஒரு சிறு சோதனை நடந்தது. அதைவிடப் பெரிய அடுத்த சோதனை பற்றிய பேச்சு எழுந்தபோதுதான், முதல் சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டதை ஊராரில் பலர் அறிந்தார்கள். 2023 ஏப்ரலில் நூற்றுக்கணக்கானோர் கடற்கரையில் திரண்டு எதிர்த்தார்கள். விரிகுடாவில் வாழும் சாம்பல் நிறச் சீல்களைப் பற்றிய கவலை அவர்களிடம் மேலோங்கியிருந்தது.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை சுயேச்சையான மதிப்பீட்டைக் கோரியது. கடல்வாழ் உயிர்களுக்கான இடர் மிகக் குறைவு என்று அந்த மதிப்பீடு கூறியது. கூடவே, மேலும் கண்காணிப்பும் நச்சுத்தன்மைச் சோதனைகளும் தேவை என்றும் பரிந்துரைத்தது. ஆயினும் அந்த விடை, கேள்வி கேட்கப்பட்ட மனநிலை கடந்துபோன பிறகு வந்தது. 2025இல் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. ஏற்ற தொலைவில் பொருத்தமான கனிம மூலம் கிடைக்கவில்லை என்பது அது சொன்ன காரணம். நெடுந்தூரம் கப்பலில் கொண்டுவரப்படும் கனிமத்தின் கார்பன் சுமையை ஊரார் தொடக்கத்திலேயே கேட்டிருந்தார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பொதுக்கூட்டங்களில் மக்கள் எழுப்பும் கேள்விகளை அச்சம் என்று வகைப்படுத்தி, விளக்கித் தணிக்க வேண்டியவையாகக் கருதும் பழக்கம் திட்டக்காரர்களிடம் இருக்கிறது. இங்கே திட்டத்தின் உயிர்நாடியைத் தொட்ட தொழில்நுட்பக் கேள்வி கடற்கரையிலிருந்துதான் வந்தது.

ஒப்புதலுக்கு முன் வைக்க வேண்டியவை

ஓல்ட் மாசெட்டில் வாக்கெடுப்புக்கு முன் மூன்று செய்திகள் எளிய மொழியில் எழுதி வைக்கப்பட்டிருந்தால் நிகழ்வு வேறுவிதமாகத் திரும்பியிருக்கும். மீனும் வரவும் ஒன்றோடொன்று போட்டியிடுபவை என்பது ஒன்று. இந்த நீரிலேயே முன்பு நடந்த சோதனையில் எவ்வளவு கரிமம் ஆழத்துக்குப் போயிற்று என்பது மற்றொன்று. திட்டம் தவறினால் கடனை யார் கட்டுவார்கள் என்பது மூன்றாவது. இவற்றைத் தெரிந்துகொண்டும் அந்த ஊர் ஆம் என்று சொல்லியிருக்கக்கூடும். மீனுக்காக மட்டும், சிறிய அளவில், பல்கலைக்கழகம் ஒன்றின் கண்காணிப்போடு செய்வோம் என்றும் சொல்லியிருக்கக்கூடும். அப்படி ஒரு திட்டம் நடந்திருந்தால், எரிமலைச் சாம்பல் கருதுகோளைச் சோதித்த முதல் மக்கள் ஆய்வாக அது விளங்கியிருக்கும். அந்த வாய்ப்பு பறிபோனதே இந்த நிகழ்வின் பேரிழப்பு என்று நினைக்கிறேன், ஏனெனில் அதன்பின் கடலில் இரும்பு இடுதல் என்ற சொல்லே ஆய்வு நிதியளிப்பவர்களை ஒரு பத்தாண்டு விலகி நிற்கச் செய்தது.

லண்டன் உடன்படிக்கையைப் புதுப்பித்து வகுக்கப்பட்ட லண்டன் நெறிமுறையின் உறுப்பு நாடுகள் 2013 அக்டோபரில், கடலை வளமூட்டும் செயல்களைச் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் திருத்தத்தை ஏற்றன. மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் முறைப்படி ஒப்பினால்தான் அது நடைமுறைக்கு வரும்; ஒப்பிய நாடுகள் மிகச் சிலவாகவே நெடுங்காலம் இருந்துவந்தன. பன்னாட்டு விதி தாமதிக்கும்போது, அந்தந்த நாட்டின் அனுமதி முறைகளே சுமையைத் தாங்குகின்றன. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் 2025 ஆகஸ்டில் மெயின் வளைகுடாவின் வில்கின்சன் படுகையில் நீரின் காரத்தன்மையை உயர்த்தும் சுமார் 65,000 லிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை, அடையாளச் சாயத்துடன், கடலில் கலந்து ஆராய்ந்தது. அதற்கு முன் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதிக்கு விண்ணப்பித்து, பொதுமக்கள் கருத்துச் சொல்லும் காலம் கடந்து, மீனவர்களோடு பலமுறை பேசி, வரவு எதையும் விற்பதில்லை என்ற உறுதியோடுதான் கப்பல் புறப்பட்டது. அங்கேயும் எல்லா மீனவர்களும் இசைந்துவிடவில்லை. அவர்களுடைய ஐயங்களும் பதிவாகியிருக்கின்றன. அது பொதுநிதியிலும் அறக்கொடைகளிலும் நடந்த ஆய்வு. அடுத்து வருபவை வரவை விற்றுப் பிழைக்க வேண்டிய நிறுவனங்களின் திட்டங்கள். அவற்றில் கண்காணிப்புக் கப்பலுக்கான செலவையும், விற்பனை நின்றுபோன பிறகும் தொடர வேண்டிய அளவீட்டுக்கான செலவையும் யார் ஏற்பது என்பது இன்னும் தீராத கேள்வி.